வெட்டுப்படாமல் தப்பிய விசில்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு ஊர் பழனி மலையடிவாரத்து அய்யம்பாளையம். கோடைரோட்டில் மீட்டர்கேஜ் ரயிலேறித்தான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். அந்த நீராவி எஞ்சின் விசில் இன்னும் காதில் நிற்கிறது.

லேத் பட்டறைக்காரனான என்னிடம் சில வருஷத்துக்கு முன் ஒரு வேலை வந்தது. காட்சிக்கு நிற்கும் பழைய ஒய்.பி. எஞ்சினுக்கு விசில் வேண்டும். நல்ல உலோகமாச்சே, அசலை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நம் பக்கத்துக்கு இது புது வேலை இல்லை. 1855-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். 21 எஞ்சினை, 2010-ல் பெரம்பூர் லோகோ பட்டறையில் மறுபடி ஓட வைத்தார்கள். ஊட்டி மலை ரயிலுக்குப் பொன்மலையில் புது நீராவி எஞ்சினே கட்டினார்கள். நாம் ஒரு விசில் செய்ய மாட்டோமா என்று இறங்கிவிட்டேன்.

விசில் என்பது கவிழ்த்த கிண்ணம் மாதிரி. கீழே வட்டமான மெல்லிய இடுக்கு வழியாக நீராவி சீறி, கிண்ணத்தின் விளிம்பில் மோதும். உள்ளே இருப்பது அதிரும். கிண்ணம் நீளமானால் குரல் தடிக்கும், குட்டையானால் கீச்சிடும். இன்னொரு எஞ்சினில் இருந்த அதே ரக விசிலை அனுமதி வாங்கி அளந்து, வார்த்து, கடைந்தேன்.

கம்ப்ரசரில் மாட்டி ஊதினோம். ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் கேட்டுவிட்டு, "தம்பி, இது நம்ம வண்டி இல்லையப்பா, குரல் இறங்கிப்போச்சு" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும் என்று அறுக்க அடையாளமும் போட்டுவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தக் கல்லூரி பிசிக்ஸ் லேபில் ரெசனன்ஸ் டியூபை வைத்துக்கொண்டு நம் சார் கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: "நீளம் சரிடா, உள்ளே இருக்கிற வாயு என்ன?" அன்றைக்குப் பதில் தெரியாமல் முழித்தேன். அறை வெப்பத்தில் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 100 டிகிரி நீராவியில் 470 மீட்டருக்கு மேல். அதே கிண்ணம் நீராவியில் உயர்ந்த சுருதியில்தானே பாடும்!

விடிந்ததும் ரைஸ் மில் முதலாளி காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, நெல் அவிக்கும் பாய்லரில் மாட்டினோம். வால்வைத் திறந்தேன். மலையில் முட்டித் திரும்பி வந்தது சத்தம். டிரைவர் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இதேதான்" என்றார்.

அறுத்திருந்தால் சரியான விசிலை நானே கெடுத்திருப்பேன். அளவு உலோகத்தில் கிடைத்தது, காரணம் வகுப்பறையில் கிடைத்தது. ஆனால் "இதேதான்" என்று சொல்ல, கேட்ட காது ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் காதுகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் ஊரில் பழைய டிரைவரோ ஃபயர்மேனோ இருந்தால் இந்த லீவிலேயே போய்ப் பாருங்கள். அவர் சொல்வதைப் பதிவு செய்துவையுங்கள்.

கேள்வி கேட்ட சார் இன்று நம்மிடையே இல்லை. பதிலை நாற்பது வருஷம் தாமதமாக இங்கே சொல்லிவிட்டேன் சார்.