லாவணியின் இரு கரைகள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்க நாட்டார் தம் பழைய நாட்டுப்புற இசையை 'வேரிசை' என்று பெருமையுடன் அழைக்கின்றனர். நம் காலனிப் பிள்ளைகளும் அதனை விரும்பிக் கேட்கின்றனர். அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. புனேயில் வாழும் தமிழராகிய நமக்கு அவ்விசையின் வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது.

அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் பருத்திக் காடுகளில் பாடிய துயரப் பாட்டிலிருந்து 'புளூஸ்' பிறந்தது. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியோர் மலைநாட்டில் பிடில் வாசித்துப் பாடிய கதைப்பாட்டு 'கன்ட்ரி' ஆயிற்று. 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் இவற்றை நிறம் பிரித்துத் தனித்தனிப் பட்டியலில் விற்றன. ஆனால் பாட்டு வேலிக்கு அடங்கவில்லை. 1927-இல் முதல் தட்டுக்குப் பாடிய ஜிம்மி ராட்ஜர்ஸ் என்னும் வெள்ளையர் புளூஸையே தம் நடையாக்கிக் கொண்டார். 1954-இல் மெம்பிஸ் நகரில் பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லி பாடி வெளிவந்த முதல் தட்டில், ஒரு பக்கம் கறுப்பரான ஆர்தர் குருடப்பின் புளூஸ். மறுபக்கம் வெள்ளையரான பில் மன்றோவின் கன்ட்ரி. இக்கலப்பே 'ராக்கபில்லி' எனப் பெயர் பெற்றது.

இத்தகைய உறவு நமக்கும் மராட்டியருக்கும் இடையே உண்டு. அதன் பெயர் லாவணி.

புனே நகரம் பேஷ்வாக்களின் ஆட்சியில் செழித்த நாளில் லாவணியும் செழித்தது. அந்தணர் குலத்தில் பிறந்த ராம் ஜோஷி தமாஷாக் கூட்டத்தாரோடு சேர்ந்து பாடிப் புகழ் பெற்றார். ஆயர் குலத்து ஹோனாஜி பாட்டுக் கட்ட, பாலா பாடினார்; அவர்கள் கதையே 1951-இல் 'அமர் பூபாளி' என்னும் படமாயிற்று. அக்காலப் பாடகர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். சிவனே பெரிதென்பது 'துரா' கட்சி. சக்தியே பெரிதென்பது 'கல்கி' கட்சி. ஒருவர் பாட்டால் வினாத் தொடுப்பார். மற்றவர் பாட்டாலேயே விடையிறுப்பார்.

இனித் தஞ்சைக்கு வருவோம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிவாஜியின் தம்பி வெங்கோஜி அங்கே மராட்டிய ஆட்சியை நிறுவினார். 1855 வரை நீடித்த அவ்வாட்சியின் வழியாகத் தமிழ் மண்ணுக்கு வந்தது லாவணி. வடக்கே ஹோலி கொண்டாடும் பருவத்தில் நம் ஊர்களில் காமன் பண்டிகை நிகழும். அங்கே டேப்பு முழங்கும், துந்தினா ரீங்கரிக்கும். மராட்டியர் டஃப், துண்துணே என்பனவும் இவையே. மன்மதன் எரிந்தான் என்று ஒரு சாரார் பாட, எரியவில்லை என்று மறுசாரார் மறுப்பர். 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்னும் சொற்கள் நம் பெரியோர் பலருக்கு நினைவிருக்கும். முடிவில்லாத வாதத்தை 'லாவணி பாடுகிறான்' என்று இன்றும் சொல்கிறோம். சொல் நம்மோடு இருக்கிறது, பாடுவோரோ அருகிவிட்டனர்.

வந்த கலை நம் மண்ணில் வேறு உருக் கொண்டது. மராட்டியத்தில் சலங்கை கட்டிய பெண்ணின் ஆடலும் சிருங்காரமும் ஓங்கின. தமிழில் புராண அறிவும் சொல்வன்மையும் ஓங்கின. ஆகவே இரவல் கலை என்று இதனைத் தள்ளுவதற்கில்லை.

கலையைப் போற்றிக் கலைஞரைக் கைவிடுவது எந்நாட்டுக்கும் பொதுவான குறையாயிற்று. எல்விஸ் பாடிய பாட்டை இயற்றிய குருடப் தமக்குரிய பங்குத் தொகை கிட்டாமலே 1974-இல் மறைந்தார். இம்மாவட்டத்து நாராயண்காவ் தந்த தமாஷா அரசி விட்டாபாய் குடியரசுத் தலைவர் விருது பெற்றவர்; ஆயினும் தம் இறுதி நாட்களை வறுமையில் கழித்து 2002-இல் காலமானார். இவர் தம் பெயரால் இன்று மாநில அரசு விருது வழங்குகின்றது. உயிரோடிருந்தபோது ஊர் தந்தது கைதட்டல், மதிப்பு அன்று.

அன்பர்களே! 'உங்கள் ஊர் எது?' என்று பிறர் கேட்கையில் நம் பிள்ளைகள் திகைக்கின்றனர். இங்கே தமிழர், ஊருக்குச் சென்றால் புனேக்காரர். வேர் என்பது ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்று எண்ணுவதாலேயே அத்திகைப்பு. மண்ணுக்கடியில் இரு மரங்களின் வேர்கள் பின்னிக் கிடப்பதைத் தோண்டிப் பார்த்தவரே அறிவர். பக்கத்துத் தெருவில் டஃப் ஒலித்தால் 'அது அவர்கள் கூத்து' என்று சன்னலைச் சாத்தாதிருப்போம். அதன் உடன்பிறப்பு காவிரிக் கரையில் பாடிக்கொண்டிருந்தது என்று குழந்தைகளுக்குச் சொல்வோம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றோம். வரும் ஆண்டு விழாவில் தஞ்சை மாவட்டத்து லாவணிப் புலவர் ஒருவரையும், இவ்வூர் மராட்டியப் பாணர் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்த வேண்டும். பொன்னாடையோடு நில்லாமல், வழிச்செலவும் தக்க சன்மானமும் கைமேல் தருதல் வேண்டும். ஒருவர் வினவ, மற்றவர் விடையிறுக்கட்டும். மொழி வேறாயினும் டேப்பும் டஃப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.