பூர்வகுடிகளுக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாகக் கூடியிருக்கிறோம். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர் அவர். குடிமதிப்பு ஏட்டில் நம்மை எந்தப் பெயரில் எழுதுவது என்பதற்காக அரசோடு வாதாடியவர். நாம் இம்மண்ணின் பூர்வகுடிகள் என்பதே அவர் வாதம். இன்று அதே சென்னையின் அரசாங்கக் கோப்புகளில் நமக்கு வேறொரு பெயர் இருக்கிறது: 'ஆக்கிரமிப்பாளர்'. அந்தப் பெயரைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

தி.நகரிலிருந்து தொடங்குவோம். நூறாண்டுக்கு முன்பு அது ஏரி. 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் ஏரியை வற்றவைத்து மனை பிரித்தார்கள். நகருக்குத் தியாகராயர் பெயர் கிடைத்தது. பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர் கிடைத்தது. 2021 நவம்பர் மழையில் அந்த நகரம் மூழ்கியது. ஸ்மார்ட் சிட்டி பணிகளில் முறைகேடு என்று முந்தைய ஆட்சிமீது ஆளுங்கட்சி குற்றம் சாட்டியது, விசாரணைக்கும் உத்தரவிட்டது. ஏரிக்குள் குடியிருப்பதால் காலி செய்யுங்கள் என்று தி.நகர்வாசிகளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. மழைநீர் வடிகாலைச் சரிசெய்து அவர்களை அங்கேயே வாழவைக்க அரசு முயல்கிறதே, அந்த அக்கறையில் நமக்கும் பங்கு உண்டா என்றுதான் கேட்கிறோம்.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அடையாற்றங்கரைக் குடிசைகள் போயின. அது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே சொன்னது. சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று அடையாற்றுக்கு மேலேயே போகிறது. ஆனால் 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று கைநீட்டப்பட்டது குடிசைகளை நோக்கித்தான். வெள்ளம் வடிந்ததும் சேற்றையும் குப்பையையும் அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார் பிள்ளைகள் என்று இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை.

கரையில் இருந்தவர்களை எங்கே அனுப்பினார்கள்? பெரும்பாக்கத்துக்கு, அதற்கு முன்பே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பியிருந்தார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள். பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மழைக்காலத்தில் அங்கேயும் முழங்கால் தண்ணீர். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளக்காட்டிலேயே கொண்டுபோய் விட்டார்கள். அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் பாத்திரம் தேய்த்த பெண்களுக்கு வேலை போனது. இல்லையென்றால் பாதிச் சம்பளம் பஸ்ஸுக்குப் போனது. கல்வியாண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தையே விட்டார்கள்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நடந்ததை மறக்க முடியாது. பக்கிங்காம் கால்வாய்க் கரை ஆக்கிரமிப்பு என்று உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டி வீடுகளை இடித்தார்கள். நம்மவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதே கால்வாய்க்குள் தூண் இறக்கித்தான் பறக்கும் ரயில் ஓடுகிறது. திருமயிலை நிலையமே கால்வாய்மேல் நிற்கிறது. அதை வளர்ச்சி என்கிறோம். அந்தச் சாவுக்குப் பிறகுதான், மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்படியானால் நகருக்குள் இடம் இருக்கத்தான் செய்கிறது. அது அரசின் கண்ணுக்குத் தெரிய ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

2025 அக்டோபரில், பள்ளிக்கரணையில் 2022 முதல் ராம்சார் தகுதி பெற்ற பகுதிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்ட ஒரு தனியார் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்ததாக அறப்போர் இயக்கம் குற்றம் சாட்டியது. எதிர்க்கட்சிகள் கொதித்தன. அது பட்டா நிலம், எல்லை இன்னும் முடிவாகவில்லை என்றது அரசு. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சதுப்பு நிலம் காக்கப்பட வேண்டும். அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதன் ஓரத்தில் நம் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கியபோது, அந்தக் கொதிப்பில் பாதிகூட எந்தக் கட்சியிடமும் எழவில்லை. இரண்டு ஆட்சிகளும் சேர்ந்து செய்த காரியம் என்பதால் யார்மீது யார் குற்றம் சொல்வது?

ஆற்றங்கரையிலேயே விட்டுவிடுங்கள் என்று நாம் வாதாடவில்லை. அந்த இரவில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாம். தண்ணீரின் ஆபத்தை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டித் தருவதுதான் கொள்கை. மயிலாப்பூர்க் கடலோரத்தில் அப்படிக் கட்டிய குடியிருப்புகள் சாட்சி. வாரியத்தின் பெயரை 2021இல் மாற்றினார்கள். கொள்கை அதற்கு வெகுமுன்பே மாறிவிட்டது. பழைய கொள்கைக்குத் திரும்புங்கள் என்கிறோம். கரையில் முடியாதென்றால், வேலையும் பள்ளியும் எட்டும் தூரத்தில் மேட்டு நிலம் கொடுங்கள். நீர்நிலை என்றால் எல்லோருக்கும் நீர்நிலை. ஒரே அளவுகோலை வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயிலாப்பூர், சைதாப்பேட்டை, தி.நகர்த் தொகுதிகளில் எந்த அரசு நிலம் யாருக்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தெருத்தெருவாகப் பட்டியல் எடுங்கள். அடுத்த முறை 'நகருக்குள் இடமில்லை' என்று அதிகாரி சொல்லும்போது அந்தப் பட்டியலை மேசைமேல் வைப்போம். பண்டிதர் ஏட்டில் எழுதச் சொன்ன பெயரை நாம் பட்டாவில் எழுதவைப்போம்.