அயல்நாட்டுக் கல்வி: அனுப்புமுன் அறிய வேண்டுவன

(அய்யலூரில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வியாழக்கிழமைதோறும் இவ்வூரில் கூடும் சந்தையை அறியாதார் நம் ஜில்லாவில் இலர். அங்கே ஓர் ஆட்டை வாங்க வருபவர் என்ன செய்கிறார்? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். தூக்கி நிறுத்தி எடையை மதிப்பிடுகிறார். விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், தம் கையும் கண்ணும் சொல்வதையே நம்புகிறார். சில ஆயிரம் ரூபாய் பெறும் ஆட்டுக்கு இத்தனை பரீட்சை. பல லட்சம் ரூபாய் செலவிட்டுப் பிள்ளையை அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பும்போது, தரகர் நீட்டும் தாளை நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்க்கிறோம்?

கிணற்றையும் சாலையையும் பற்றிப் பேச வேண்டிய அதிகாரி, கல்வியைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று சிலர் எண்ணலாம். கிணறு வெட்டிய நிலமே இக்கல்விக்காக அடமானம் போகிறது என்பதே நம் விடை.

இவ்விஷயத்தில் நம்மிடமும் ஒரு குறை உண்டு. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. 2022ஆம் ஆண்டில் ஒரு விவசாயி, தம் மகனுக்கு அயல்நாட்டு மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சேர்க்கைக் கடிதத்துடன் நம்மிடம் வந்தார். ஆங்கிலத்தில் இருந்த அதனைப் படித்துச் சொல்லும்படி கேட்டார். கோப்புகளின் நடுவே அதை மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டு, “நல்ல காரியம்தான், அனுப்பி வையுங்கள்” என்றோம். மருத்துவப் படிப்பின் காலம் 48 மாதம் என்று அக்கடிதத்திலேயே எழுதியிருந்தது, நாம் கவனிக்கவில்லை. அப்படிப்பைக் கொண்டு இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய இயலாது என்பதை அங்கு சென்று ஓராண்டு கழித்தே பையன் அறிந்தான். படிப்பை விட்டுத் திரும்பினான். அவர்களுடைய ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இன்னும் மீட்கப்படவில்லை. அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அந்நிலை இன்னொரு குடும்பத்துக்கு வரலாகாது என்றே இன்று இங்கு வந்திருக்கிறோம்.

அயல்நாட்டு மருத்துவக் கல்வி பற்றித் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18இல் விதிகளை வெளியிட்டது. அவற்றை ஐந்து கேள்விகளாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது: பிள்ளை நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்கிறானா? அயல்நாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் தொழில் செய்ய விரும்புவோர்க்கு 2018 முதல் இது கட்டாயம். “நீட் இல்லாமலே இடம் வாங்கித் தருகிறோம்” என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், இடம் கிடைக்கும். திரும்பி வந்தபின் தொழில் செய்யும் உரிமைதான் கிடைக்காது.

இரண்டாவது: படிப்பின் காலம் எவ்வளவு? குறைந்தது 54 மாதம் இருத்தல் வேண்டும். அதன்மேல் 12 மாத மருத்துவமனைப் பயிற்சியையும் அதே நிறுவனத்தில் முடித்தல் வேண்டும். படிப்பு முழுவதும் ஒரே நிறுவனத்தில் நடைபெற வேண்டும்; சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் பாதிப் படிப்புடன் திரும்பினர். வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாற இவ்விதி தடையாக நின்றது. அவர்களுக்கென்று தனியே தளர்வு தரவேண்டியதாயிற்று. ஆதலால் செல்லும் நாட்டின் அமைதி நிலையையும் விசாரித்தல் நலம்.

மூன்றாவது: பாடம் எம்மொழியில்? ஆங்கிலத்திலேயே நடத்தப்பட வேண்டும் என்பது விதி.

நான்காவது: அப்பட்டத்தைக் கொண்டு அந்நாட்டிலேயே மருத்துவத் தொழில் செய்ய உரிமம் கிடைக்குமா? அந்நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கும் உரிமத்துக்கு நிகரானதாக அஃது இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது: திரும்பி வந்தபின் எழுத வேண்டிய தகுதித் தேர்வுக்குப் பிள்ளை ஆயத்தமா? மொத்தம் 300 மதிப்பெண். தேறுவதற்கு 150 வேண்டும். 2024 ஜூன் மாதத்துக்குரிய தேர்வில் எழுதியவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறினர். தேறியபின் இங்கும் ஓராண்டுப் பயிற்சி உண்டு. இத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து நிலத்தை எழுதிக் கொடுத்துவிடலாகாது.

இன்னொன்றையும் சொல்வோம். மருத்துவக் கல்விக்கு முதலில் உள்ளூரில் வழி தேட வேண்டும். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்ற மாணவர்க்கு, 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் மாநிலத்தில் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. ஒருமுறை தவறியவர்கள் மறுமுறை எழுதுவதில் இழிவு ஏதும் இல்லை. ஒரு போகம் பொய்த்தால் மறு போகம் விதைப்பவர்கள் அல்லவா நாம்?

மருத்துவம் தவிர்த்த மேற்படிப்புகளுக்கு வேறு நிபந்தனைகள் உள்ளன. ஆங்கிலத் திறமைக்கான ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வைப் பல பல்கலைக் கழகங்கள் கேட்கின்றன. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் விதித்தனர். மதிப்பெண் சான்றுகள் உண்மையானவை என்பதற்கு ஏ.பி.எஸ். சான்றிதழையும் இந்திய மாணவரிடம் 2022 நவம்பர் முதல் கேட்கின்றனர். “கட்டணம் இல்லை” என்பதும் “செலவு இல்லை” என்பதும் ஒன்றல்ல.

பெயர் விஷயத்தில் நம்மவர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பள்ளியில் தலைப்பெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர். பிறப்புச் சான்றில் எழுத்து வேறு. கடல் கடந்தவர்க்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தோன்றும். பத்தாம் வகுப்புக்கு முன்பே எல்லாச் சான்றுகளிலும் ஆங்கில எழுத்துகள் ஒன்றுபோல் இருக்குமாறு திருத்திக்கொள்ளுங்கள்.

வறியவர்க்கு இக்கல்வி எட்டாது என்றும் எண்ண வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தது பரோடா மன்னர் அளித்த உபகாரச் சம்பளத்தைக் கொண்டே. இன்று மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித் திட்டம், ஆதிதிராவிடர், சீர்மரபினர் ஆகியோருடன், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் ஆகியோரின் மக்களுக்கும் உரியது. முதுகலைக்கும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் இது பயன்படும். இடங்கள் சிலவே, ஆயினும் விண்ணப்பிக்காதவர்க்கு அவற்றுள் ஒன்றும் இல்லை.

ஊராட்சிப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வரும் காலத்தை ஒட்டியே மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. அன்று இவ்வைந்து கேள்விகளையும் உரக்கப் படியுங்கள். பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள். சேர்க்கைக் கடிதம் வந்த குடும்பத்தார், பத்திரம் எழுதுவதற்குமுன் அதை ஓர் ஆசிரியரிடம் வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். நம் அலுவலகத்துக்கும் கொண்டு வரலாம். இம்முறை கோப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கடைசி வரி வரையில் படித்துச் சொல்வோம்.

பிள்ளைகள் செல்லட்டும், கற்றுத் திரும்பட்டும். திரும்பும்போது அவர்கள் கையில் செல்லுபடியாகும் பட்டமும், இங்கே அவர்கள் பெற்றோரின் நிலமும் இருக்கட்டும்.