முன்பனிக் காலத்தில் பிள்ளைகளோடு ஒரு பகல்



மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்று நம் முன்னோர் வகுத்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனி மேனாட்டுக் குளிரைப் போன்றதன்று. விடியற்காலையிலே புல்நுனி நனைந்திருக்கும். பாட்டியர் தலையிலே துவாயைச் சுற்றிக்கொள்வர். வெயில் ஏறியதும் யாவும் மறைந்துவிடும். வடகீழ்ப் பருவமழையும் தை நடுவளவில் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பகலிலே வெளியே நடத்திச் செல்லத்தக்க நாட்கள் இவையே. சித்திரை வெயிலில் அது எளிதன்று.

ஆயினும், "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள், அப்பா" என்று பிள்ளை கேட்கும்போது பல தந்தையரின் கை சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறது. பொங்கற் செலவும், கொப்பி, சப்பாத்துச் செலவும் ஒருங்கே வந்து நிற்கும் வேளை அது. வாடகைக்கு வான் பிடித்து, ஒரே நாளில் ஐந்து இடங்களைப் பார்த்து, கடையிலே உண்டு திரும்புவதே உல்லாசப் பயணம் என்று கருதினால், சம்பளத்தில் ஒரு பெரும் பங்கு அதிலேயே கரைந்துவிடும். ஆகவே, "அடுத்த முறை பார்ப்போம்" என்கிறோம். அந்த அடுத்த முறை வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. பின்னர் நாம் அழைத்தாலும் அது நம்மோடு வர விரும்புவதில்லை.

ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும் என்பது என் கருத்து. பஸ் கட்டணமும் ஒரு பொதி உணவும் இருந்தால் அந்த இடத்தை அடைந்துவிடலாம். அங்கே அவசரமின்றி நெடுநேரம் இருப்பதே பிள்ளைக்கு வேண்டியது.

யாழ் நகரிலிருந்து தீவுப்பகுதிக்குச் செல்லும் பஸ் பண்ணைப் பாலத்தின் வழியே போகிறது. வீதியின் இருபுறமும் ஆழமற்ற கடனீரேரி. மண்டைதீவுச் சந்தியளவில் இறங்கி, வாகனங்களுக்கு அஞ்சிப் பிள்ளையின் கையை இறுகப் பற்றியபடி ஓரமாக நின்று பாருங்கள். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் நிலமும் நீரும் உறைந்து இரை கிடைக்காத இம்மாதங்களில், ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் கடற்காகங்களும் ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து நம் வடபகுதிக்கு வருகின்றன. நம் சேற்றிலுள்ள புழுவும் சிறு நத்தையுமே அவற்றுக்கு விருந்து. மன்னாரிலே இப்பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடும் வங்காலைச் சரணாலயம், 2010ஆம் ஆண்டிலே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

நல்வாய்ப்பு இருந்தால் பூநாரைகளையும் காணலாம். அவை தலையைக் கவிழ்த்து, அலகை மேல் கீழாக நீரிலே வைத்து இரையை வடித்து உண்ணும். அந்த இரையிலுள்ள நிறப்பொருளே அவற்றின் இறகுக்குச் செம்மை தருகிறது என்று சொன்னால், கரட் தின்றால் தானும் சிவக்கலாமா என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். தொலைநோக்கி இல்லையே என்று வருந்த வேண்டா. காலையிலோ மாலையிலோ சென்று, சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நின்றாற் போதும். கல்லெறிவதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அஞ்சி எழும்பிப் பறக்குந்தோறும் அப்பறவை தான் உண்ட இரையின் பயனை இழக்கிறது.

இனி உணவு. பொழுது புலருமுன் அன்னையை எழுப்பி, ஐந்து கறி சமைக்க வைத்துவிட்டு, "இன்று நமக்கு விடுமுறை" என்று சொல்லும் குடும்பத்தலைவர்கள் உளர். அது யாருக்கு விடுமுறை? அவித்த முட்டை, வாழைப்பழம், எள்ளுருண்டை, சுடுதண்ணீர்ப் போத்தலிலே தேநீர், இவையே தாராளம். முதல்நாள் மாலையிலே அவித்து வைத்த பனங்கிழங்கு இருந்தால் வேறொன்றும் வேண்டா. இது அதற்குரிய பருவமுமாகும். வறுமையினால் ஊர்விட்டுச் சென்று, மதுரையிலே குளிரில் நடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர், வடதிசை பறந்த நாரையை விளித்துத் தம் மனைவிக்குத் தூது சொன்னார். நாரையின் கூரிய அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு அவர் ஒப்பிட்டார். கிழங்கை இரண்டாகப் பிளந்து பிள்ளையின் கையிலே கொடுத்து, எதிரே நிற்கும் நாரையையும் காட்டுங்கள். புலவர் சொன்னது சரியா என்று பிள்ளையே தீர்ப்புச் சொல்லட்டும்.

மழை விடாது பெய்யும் நாளுக்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதி இருக்கிறது. 1981இலே எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த கட்டடம் அது என்பதைச் சற்று வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். மழை ஓய்ந்த மற்றொரு நாளிலே, போர்த்துக்கேயரிடமிருந்து 1658இலே ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாக அமைத்த கோட்டையின் மதிலோரமாக நடந்து, மூலைகளை எண்ணச் சொல்லலாம். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் இருக்கும் விந்தையைக் காட்டலாம்.

ஆனால், நீர் உள்ள இடத்தில் பெரியவர் ஒருவர் பிள்ளையைவிட்டுக் கண்ணெடுக்கலாகாது. கீரிமலைக் கேணியின் படிகள் பாசியால் வழுக்கக்கூடும். மார்கழிக் கடலோ நம்பத்தக்கதன்று. 1964 டிசம்பரிலே தனுஷ்கோடியை அழித்த சூறாவளி இப்பருவத்ததே. புறப்படுமுன் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். காற்று எச்சரிக்கை இருந்தால், பிள்ளை எவ்வளவு அழுதாலும் அன்று கரைப்பக்கம் போக வேண்டா.

திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு மாற்றுச் சட்டையும் இருக்கட்டும். தை மாதத்திலே ஆறு மணி கடந்ததும் சூரியன் மறைந்துவிடும். கடனீரேரிக் காற்றும் குளிரத் தொடங்கும்.