சிலைக்கு மாற்றாக எழுந்த மன்றம்



ஒரு சமூகம் தன் முன்னோடியின் நினைவைப் போற்ற முனையும்போது பெரும்பாலும் சிலை வைப்பதையே நாடுகிறது. ஆனால் கனடாவின் கிழக்கே, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மெம்ராம்குக் பள்ளத்தாக்கில் வாழும் பிரெஞ்சு மொழிச் சிறுபான்மையினரான அகாடியர், 1895-இல் மறைந்த அருள்தந்தை கமில் லெஃபேவ்ருக்கு ஒரு மன்றத்தையே கட்டினர். 1896-இல் பணி தொடங்கி 1897-இல் திறக்கப்பட்ட அந்தக் கற்கட்டடத்துக்கு லெஃபேவ்ர் நினைவகம் என்று பெயர். மேலே நாடக மேடையோடு கூடிய அரங்கும் கீழே அறிவியல் வகுப்புகளுக்குரிய அறைகளும் அமைந்த அந்த நினைவகம், வணங்கிவிட்டுப் போகும் இடமாக அல்லாமல், கூடிப் பேசவும் படிக்கவும் பாடவும் உரிய இடமாகவே உருப்பெற்றது.

அகாடியர் என்போர், 1604 முதல் இன்றைய நோவா ஸ்கோஷியாவிலும் ஃபண்டி விரிகுடாவின் கரைகளிலும் குடியேறிய பிரெஞ்சுக்காரரின் வழித்தோன்றல்கள். உலகின் மிக உயர்ந்த ஓதங்கள் எழும் அந்த விரிகுடாவில், கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்புகளை அவர்கள் மண்கரை எழுப்பி வயல்களாக்கினர். கரையின் அடியில் மரத்தாலான மதகு ஒன்றைப் புதைத்து, அதனுள் ஒருபுறம் மட்டுமே திறக்கும் கதவைத் தொங்கவிட்டனர். ஓதம் வடியும்போது வயலின் நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும், ஓதம் ஏறும்போது கடலே அக்கதவை அழுத்தி அடைத்துவிடும். மழை மண்ணின் உப்பைக் கழுவி வெளியேற்றச் சில ஆண்டுகள் காத்திருந்த பின்னரே அங்கு விதைக்க முடிந்தது. அபுவாத்தோ எனப்படும் இந்த மதகுமுறை தனியொரு குடும்பத்தால் இயலாத வேலை என்பதும், ஊர் கூடிக் கரை காத்தால்தான் ஒவ்வொருவர் வயலும் பிழைக்கும் என்பதும் கவனத்துக்குரியவை. ஊர் கூடி ஒன்றைக் கட்டும் பழக்கம் அகாடியருக்கு நினைவகத்தோடு தொடங்கியதன்று.

1713-ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கையால் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட அவர்கள், நிபந்தனையற்ற விசுவாச உறுதிமொழி அளிக்க மறுத்ததைக் காரணமாகக் காட்டி, 1755 முதல் 1763 வரை பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். வழியில் நோயாலும் கப்பற்சேதத்தாலும் மாண்டோர் பலர். திரும்பிவர 1764-இல் இசைவு கிடைத்தபோது, பழைய வயல்கள் பலவற்றில் ஆங்கிலம் பேசும் குடியேறிகள் அமர்ந்திருந்தனர். அகாடியர் மீண்டும் வேரூன்றிய பகுதிகளுள் மெம்ராம்குக் முதன்மையானது.

கியூபெக்கிலிருந்து வந்த திருச்சிலுவைச் சபைத் துறவியான லெஃபேவ்ர், 1864-இல் அங்கே புனித யோசேப்பு கல்லூரியை நிறுவினார். பிரெஞ்சோடு ஆங்கிலமும் கற்பிக்கப்பட்ட அக்கல்லூரியில் ஐரிஷ் மாணவரும் பயின்றனர். மொழியைக் காக்க வந்த நிறுவனம் ஆட்சிமொழியை ஒதுக்காதது பின்வாங்கலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் முதல் அகாடிய செனட்டரான பஸ்கால் புவாரியே, நியூ பிரன்ஸ்விக்கில் அகாடியருள் முதல் நீதிபதியான பியேர் அமான் லாந்த்ரி ஆகியோர் அக்கல்லூரியின் மாணவர்கள் என்பதை நோக்கும்போது, அம்முடிவு தொலைநோக்குடையது என்றே கொள்ள வேண்டும்.

1881-இல் முதல் அகாடியத் தேசிய மாநாடு கூடியதும் அதே மெம்ராம்குக்கில்தான். தங்களுக்கென ஒரு தேசியத் திருநாள் வேண்டும் என்பதில் அங்குக் கருத்து வேறுபாடு இல்லை. எந்த நாள் என்பதில்தான் வாதம் எழுந்தது. கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர் கொண்டாடும் ஜூன் 24-ஐயே ஏற்று அவர்களோடு சேர்ந்து நிற்கலாம் என்று ஒரு சாராரும், அன்னை மரியாளின் விண்ணேற்பு நாளான ஆகஸ்ட் 15-ஐத் தனி நாளாகக் கொள்ள வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டு, முடிவில் ஆகஸ்ட் 15 தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரிய உறவினரின் நிழலில் ஒதுங்குவதைவிடச் சிறிதாயினும் தனி முகம் வேண்டும் என்ற அந்த முடிவுக்குப் பின்னரே, 1884-இல் மிஸ்கூஷ் ஊரில் கூடிய மாநாட்டில், பிரெஞ்சு மூவண்ணக் கொடியின் நீலப் பகுதியில் பொன்னிற விண்மீன் பதித்த தனிக்கொடி ஏற்கப்பட்டது. லெஃபேவ்ர் நினைவகத்தை இந்த எழுச்சியின் விளைவாகக் காண்பதே பொருத்தம்.

1933-இல் மூண்ட தீ கல்லூரியை அழித்தபோதும், தனிக் கட்டடமாக நின்ற நினைவகம் தப்பியது. கல்லூரி மீண்டும் எழுந்து, பின்னர் 1963-இல் உருவான மொங்க்டன் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாயிற்று. உயர்கல்வி நகரத்துக்கு இடம்பெயர்ந்தபின் ஊரில் எஞ்சிய பழங்கட்டடத்தை யார் பேணுவது என்ற கேள்வி, புகழ் பெற்ற எல்லா மன்றங்களுக்கும் ஒரு காலத்தில் வருவதுபோல், இதற்கும் வந்தது. விழா நாளில் கூடுவோர் பலர். கூரை ஒழுகும் நாளில் கணக்குப் பார்க்க வருவோர் சிலரே. அச்சிலர் மெம்ராம்குக்கில் இருந்தனர். 1994-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தில், கனடாப் பூங்காத் துறை அமைத்த கண்காட்சி அகாடியரின் வரலாற்றைச் சொல்கிறது. ஒலிநயத்துக்குப் பெயர் பெற்ற மேலரங்கில் இசையும் நாடகமும் பிரெஞ்சு மொழியில் இன்றும் நிகழ்கின்றன.