பணமா, இடமா? கனடாவில் குழந்தைப் பராமரிப்புக்கான அரச உதவி



பாலர் வகுப்பு ஆசிரியையாக வாழ்நாளைக் கழித்த ஒருவரின் பெயரால் இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. ஆகவே, இரண்டு மூன்று வயதுப் பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது, அதற்கான செலவை யார் ஏற்பது என்பதையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் நம்மவர் வீடுகளில் இதற்கு நெடுங்காலம் இரண்டு வழிகள்தாம் இருந்தன. ஒன்று, அம்மம்மா. ஸ்பொன்சரிலோ சூப்பர் விசாவிலோ வந்திறங்கி, பனிக்காலம் முழுக்க நாலு சுவருக்குள் பேரப்பிள்ளையோடு அடைந்து கிடந்து, ஒரு தலைமுறையையே வளர்த்துத் தந்தவர்கள் அவர்கள். மற்றது, ஷிப்ட். தகப்பனுக்கு விடிகாலை வேலை, தாய்க்குப் பின்னேர வேலை. மூன்று மணியளவில் தொழிற்சாலையின் கார்த் தரிப்பிடத்தில், இருக்கையோடு சேர்த்துப் பிள்ளை ஒரு காரிலிருந்து மற்றக் காருக்கு மாறும். பால்போத்தல் எங்கே இருக்கிறது, காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று நாலு வார்த்தை. கணவனும் மனைவியும் அன்றைக்குப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். இதைச் சிக்கனம் என்றும் கடும் உழைப்பு என்றும் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறோம். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. வேறு வழி இல்லாமல் செய்தார்கள்.

2018இல் ரொறொன்ரோவில் கைக்குழந்தையை டேகேரில் விடுவதற்கான மாதக் கட்டணம் ஏறத்தாழ 1,685 டொலர். ஆண்டுக்கு 20,000 டொலரைத் தாண்டும். அப்போது ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 14 டொலர். வாரம் நாற்பது மணி நேரம், ஆண்டு முழுவதும் உழைத்தாலும் வரிக்கு முன் கைக்கு வருவது 29,120 டொலர். பேக்கரியிலோ பொதியிடும் தொழிற்சாலையிலோ நிற்கும் ஒரு தாய் வேலையை விட்டுவிட்டால் அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது? அதே ஆண்டில் கியூபெக் மாகாணத்தின் மொன்றியலில் அந்தக் கட்டணம் மாதம் 175 டொலர்.

இந்த வித்தியாசம் 1997இல் தொடங்கியது. லூசியன் புஷார் முதலமைச்சராகவும் பொலின் மறுவா பொறுப்பமைச்சராகவும் இருந்த கியூபெக் அரசு, குடும்ப வருமானம் எதுவானாலும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 5 டொலர் என்று கட்டணத்தை நிர்ணயித்தது. முதலில் நான்கு வயதுப் பிள்ளைகள். 2000ஆம் ஆண்டளவில் கைக்குழந்தைகள் வரை. மீதிச் செலவை அரசு நேரே பராமரிப்பு நிலையங்களுக்குக் கொடுத்தது. பெற்றோரே நிர்வாக சபையில் பெரும்பான்மையாக இருக்கும் இலாப நோக்கற்ற நிலையங்கள் பெருகின. பொருளியலாளர் பியர் ஃபோர்டானும் அவரது சகாக்களும் பின்னர் கணித்ததன்படி, இத்திட்டத்தால் 2008இல் சுமார் 70,000 தாய்மார் கூடுதலாக வேலையில் இருந்தார்கள். கியூபெக்கிலும் இடத்துக்கு வரிசை நீண்டது. அவசரமாக முளைத்த தனியார் நிலையங்கள் பலவற்றில் தரம் குறைவாகவே இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கனடாவின் மற்றப் பகுதிகள் கால் நூற்றாண்டு பின்தங்கின. பெண்களின் நிலை பற்றிய அரச ஆணைக்குழு 1970இலேயே நாடு தழுவிய பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தது. 2005இல் மத்திய அமைச்சர் கென் டிரைடன் பத்து மாகாணங்களோடும் ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டொலர் உடன்பாடு செய்தார். அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த பிரதமர் ஹார்ப்பரின் அரசு அதை நிறுத்தி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 100 டொலர் என்று பெற்றோருக்கே பணமாகக் கொடுத்தது. பெற்றோருக்குத் தெரிவுச் சுதந்திரம் என்றார்கள். அந்த நூறு டொலருக்கு வரியும் உண்டு. அது ஒரு டேகேர் அறையைக் கட்டவில்லை, ஒரு பராமரிப்பாளரை நியமிக்கவும் இல்லை. நூறு டொலரோடு தாய் வீட்டிலேயே நின்றாள்.

உதவி பணமாகப் பெற்றோர் கைக்குப் போனால் அது கட்டணத்தில் கரைந்துவிடும். இடமாகப் பிள்ளைக்குப் போனால் நிற்கும். இதுதான் என் உறுதியான கருத்து. ஒன்ராறியோவின் பழைய குழந்தைப் பராமரிப்பு மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் நிகர வருமானம் 20,000 டொலர் வரை என்றால் கட்டணமே இல்லை; அதற்கு மேல் படிப்படியாகப் பெற்றோர் பங்கு கூடும். கடதாசியில் நல்ல திட்டம். ஆனால் ஒதுக்கிய நிதி தீர்ந்தால் தகுதி உள்ளவரும் வரிசையில்தான் நிற்கவேண்டும். மானியம் கிடைத்த பிறகும் அறையில் இடம் இருக்கவேண்டும்.

2021 ஏப்ரல் வரவு செலவுத் திட்டத்தில் அப்போதைய மத்திய நிதியமைச்சர் கிறிஸ்டியா ஃபிரீலண்ட் ஐந்து ஆண்டுகளுக்கு 3,000 கோடி டொலர் வரை அறிவித்தார். சராசரிக் கட்டணத்தை நாளுக்கு 10 டொலராக்குவது இலக்கு. இதற்கான உடன்பாட்டில் மாகாணங்களுள் கடைசியாகக் கையெழுத்திட்டது ஒன்ராறியோ, 2022 மார்ச்சில். 2025 ஜனவரியிலிருந்து, திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் நாளுக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்கக் கூடாது. பெரிய நிம்மதிதான். கட்டணம் இறங்கியதும் வரிசை நீண்டதில் வியப்பில்லை.

வரிசை ஏன் நகர்வதில்லை என்பதைக் கைக்குழந்தை அறையில் பார்க்கலாம். ஒன்ராறியோ விதிப்படி பத்துக் குழந்தைக்கு மூன்று பராமரிப்பாளர் வேண்டும். ஒருவர் அணையாடை மாற்றிக்கொண்டிருக்கும்போது மற்றவர் ஊட்டிக்கொண்டிருப்பார். மூன்றாமவர் மடியில் அழுகிற ஒன்று, காலைப் பிடித்தபடி இன்னொன்று. அதில் ஒருவர் விலகி, ஈடாக ஆள் கிடைக்காவிட்டால் பத்துப் பிள்ளைகளையும் அங்கே வைத்திருக்க முடியாது. பராமரிப்பாளர்களுடைய சம்பளம் உயராமல் புதிய இடங்களைப் பற்றிப் பேசுவது வீண். நம் பெண்கள் பலர் பராமரிப்பாளர் படிப்பை முடித்துவிட்டுப் பாடசாலைக்கோ வேறு தொழிலுக்கோ போவதும் சம்பளத்தால்தான். பின்னேர, இரவு ஷிப்டுக்காரருக்கு இன்னொரு குறை: பெரும்பாலான நிலையங்கள் மாலை ஆறு மணிக்கே பூட்டிவிடும். அரசியல்வாதிகள் வாக்குக் கேட்டு வரும்போது இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே வந்திருக்கும் இளம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 22 டொலர் வந்ததால் பழைய மானியம் நின்றுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். நிற்கவில்லை, இறங்கிய கட்டணத்தையும் கட்ட முடியாதவர்களுக்காக அது தொடர்கிறது. ரொறொன்ரோவில் மாநகர நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கவேண்டும். தாய் தகப்பன் இருவரும் வருமான வரிப் பத்திரம் தாக்கல் செய்திருக்கவேண்டும். வருமானமே இல்லாதவரும் செய்யவேண்டும். வரிசையில் பெயர் சேர்க்க நிலையங்கள் பணம் வாங்க 2016 செப்டம்பரிலிருந்து ஒன்ராறியோவில் தடை இருக்கிறது. கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு நிலையத்தோடு நிற்காமல் நாலைந்தில் பெயர் கொடுங்கள், அதுவும் பிரசவ விடுப்பு முடியும்வரை காத்திராமல் இப்போதே.