சுவருக்குள் ஒரு பகை

சுவருக்குள் மறைந்திருக்கும் ஒரு குழாயைப் பற்றிச் சொல்ல வந்தேன். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை இலட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்னும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினார்கள். பெரும்பாலும் சாம்பல் நிறம். செம்பைவிட மலிவு, வளைப்பதும் எளிது. வேறென்ன வேண்டும்?

குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள் அல்லவா? உயிரைக் காக்கும் அந்தக் குளோரினே இக்குழாய்க்குப் பகையாயிற்று. உட்புறத்தை மெல்ல மெல்லச் சிதைத்து, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கியது. பிளாஸ்டிக் இணைப்புகளும் அவ்வாறே நொய்ந்தன. விந்தை யாதெனில், வெளிப்புறம் புதிது போலவே இருக்கும்! திடீரென ஒரு நாள் வெடிக்கும். வீட்டார் வெளியூர் சென்றிருந்தால், கூடமே குளந்தான்.

வழக்குகள் எழுந்தன. 1995-இல் உற்பத்தியாளர்கள் ஏறக்குறைய 95 கோடி டாலர் இழப்பீட்டுக்கு இசைந்தனர். அதைக் கோரும் காலமும் 2009-இல் முடிந்தது. இன்று அத்தகைய பழைய வீட்டை வாங்குவோர் தம் செலவிலேயே குழாயை மாற்றவேண்டும். கசிந்த இடத்தை மட்டும் செப்பனிடுவது வீண். எஞ்சிய குழாயும் அதே நீரைக் குடித்து முதிர்ந்ததன்றோ? ஆகவே சுவரைத் திறந்து, முழுவதையும் மாற்றுகிறார்கள். சிலர் செம்பை நாடுகின்றனர். பலர் குறுக்குப்பிணைப்புப் பாலித்தீனை. இதுவும் பிளாஸ்டிக்தான், ஆனால் குளோரின் கலந்த வெந்நீரில் சோதித்த பின்னரே வீட்டுக்குள் வருகிறது.